படர்தாமரைக்கு மருந்துக்கடையில் வாங்கிய ட்யூபும் என் தோல் பட்ட பாடும்

தொடை இடுக்கிலோ இடுப்பிலோ வட்டமாக அரிக்கிற ஒன்று வந்து, யாரிடமும் காட்ட வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் வாங்கிய ட்யூபைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் நான் அப்படித்தான் திரிந்தேன். சுமார் 40,000 ரூபாய் போனது. பணத்தை விடுங்கள், தொடையின் உள்பக்கம் தோல் கிழிந்த மாதிரி விழுந்திருக்கும் கோடுகள் இனிமேல் முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வந்தது சாதாரணப் படர்தாமரை. இத்தனை பாடும் அதற்குத் தடவிய களிம்பால் வந்தது. இந்த ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன், தங்குவது பெண்கள் விடுதியில். ஐப்பசி மழை நேரத்தில் இது தொடங்கியது. எங்கள் விடுதியில் மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருப்பார்கள், துணி காயப்போட அறைக்கு வெளியே நடையில் கட்டிய கொடிதான். மழை நாளில் உள்ளாடை முழுசாகக் காயாது, லேசான ஈரத்தோடு போட்டுக்கொண்டு, அதன் மேல் லெக்கிங்ஸ், அப்புறம் பஸ்ஸில் நசுங்கி, ரெக்ஸின் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. முதலில் வலது தொடை இடுக்கில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒன்று வந்தது. ஓரம் மட்டும் சற்றுத் தடித்து, பொடிப்பொடியாகச் செதில் விட்டிருந்தது, நடுவில் தோல் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. வியர்த்தால் அரிக்கும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வரும் அரிப்பைச் சொல்லி மாளாது, பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளுக்குக் கேட்டுவிடுமோ என்று சொறியவும் பயமாக இருக்கும். இடம் அப்படிப்பட்ட இடம். சுத்தமில்லாதவள் என்று நினைப்பார்களோ, வேறு ஏதோ நோய் என்று நினைப்பார்களோ என்று அம்மாவிடம்கூட முதலில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இதே தயக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். இதற்கும் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தினம் இரண்டு வேளை குளிக்கிறவர்களுக்கும் வரும். சூடும் ஈரமும் துணி உரசலும் ஒன்றுசேர்ந்தால், பக்கத்தில் ஒருவருக்கு இருந்தால், போதும்.

தெரு முனை மருந்துக்கடையில் "அண்ணா, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டேன். எந்த இடத்தில் என்று அவர் கேட்கவில்லை, கேட்காததே எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. "இதைப் போடுங்க மேடம், ரெண்டே நாள்ல நின்னுடும்" என்று ஒரு சின்ன ட்யூபை எடுத்து வைத்தார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. முதல் ராத்திரியே அரிப்பு பாதி குறைந்தது, இரண்டு மூன்று நாளில் சிவப்பும் மங்கிவிட்டது, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை பயந்தோம் என்று நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் தாண்டியதும் திரும்ப வந்தது. இந்த முறை இடது பக்கமும். மறுபடி அதே ட்யூப், மறுபடி நின்றது, மறுபடி வந்தது, ஒவ்வொரு முறை வரும்போதும் இன்னும் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டு வந்தது. தை, மாசி தாண்டி வெயில் காலம் வந்தபோது பாவாடை நாடா கட்டும் இடுப்பு, மார்புக்குக் கீழ் மடிப்பு, பின்பக்கம் என்று பரவியிருந்தது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு அரை வட்டம். எல்லைக் கோடு தெளிவாகத் தெரியாது, சில இடத்தில் பருப் பருவாக இருக்கும். கடைக்காரருக்கு அதே ட்யூபை இரண்டாகக் கொடுப்பது தவிர வேறு வழி தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பின்னால் தோல் டாக்டர் எனக்குப் படம் வரைந்து காட்டினார். அதைச் சொல்லிவிடுகிறேன், இது விளங்கினால் மற்றதெல்லாம் விளங்கும். நம் தோல் ஒரே படலம் இல்லை. மேலே மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. மேல்தோலின் அடிவரிசையில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, போகும் வழியில் கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, செத்து, தட்டையான செதில்களாக மேலே அடுக்கி நின்று, கடைசியில் உதிர்ந்துவிடும். பிறந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம். அந்தச் செத்த மேலடுக்குதான் நமக்குக் கவசம், உள்ளே இருக்கும் நீர் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது அதுதான். படர்தாமரைப் பூஞ்சைக்கு உணவே அந்தக் கெரட்டின். செத்த அடுக்கைத் தின்றுகொண்டு பக்கவாட்டில் நகரும். உயிருள்ள அடுக்கு அதைக் கண்டுகொண்டு எதிர்ப்பு காட்டும்போது சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது. அந்த எதிர்ப்பால் நடுவில் பூஞ்சை அழிந்து ஓரத்தில் மட்டும் முன்னேறுவதால்தான் வளையமாகத் தெரிகிறது. ஆக அந்த அரிப்பும் சிவப்பும் நம் தோல் சண்டை போடுவதன் அடையாளம். எனக்குக் கொடுத்த ட்யூபில் பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் ஒன்று, மூன்றாவதாக க்ளோபெட்டாசால் என்ற ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அமுக்கிவிடும். அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், பூஞ்சைக்கோ தடுக்க ஆளில்லாமல் போகும். கூட இருக்கும் பூஞ்சை மருந்து அதற்கு ஈடுகொடுக்காது. நாம் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் அது நன்றாகப் பரவுகிறது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் வேறு என்னென்னவோ செய்தேன். கடைசியில் அம்மாவிடம் போனில் சொன்னபோது "வண்டுகொல்லி இலையை அரைச்சுப் போடுடி, உங்க தாத்தாவுக்கு அதுலதான் போச்சு" என்றாள். சென்னையில் வண்டுகொல்லி இலைக்கு எங்கே போவது. விடுதியில் ஒரு அக்கா பூண்டை நசுக்கி உப்போடு வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் தாங்காமல் எடுத்துவிட்டேன், ஆனாலும் மறுநாள் கொப்புளம் வந்து தோல் உரிந்து, நடக்க முடியாமல் லீவு போட்டேன். பச்சைப் பூண்டு தோலைச் சுட்டுவிடும், எலுமிச்சையும் அப்படித்தான், அதிலும் மடிப்பு உள்ள இடத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள். இன்னொரு பக்கம் கிருமிநாசினி சோப்பு போட்டு நாரால் தேய்தேய் என்று தேய்த்தேன், குளிக்கும் வெந்நீரில் கிருமிநாசினித் திரவத்தை ஊற்றிக்கொண்டேன். தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உடையது, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். கட்டி சோப்புகள் பெரும்பாலும் 9, 10 என்று காரப் பக்கம் இருப்பவை. தேய்க்கத் தேய்க்கக் கவசம்தான் போகிறது, பூஞ்சை போவதில்லை.

சரி, டாக்டரிடமே போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பொது மருத்துவர். நான் சொன்னதைக் கேட்டாரே தவிர இடத்தைப் பார்க்கவில்லை, நானும் காட்டுகிறேன் என்று சொல்லவில்லை. "அலர்ஜி" என்று சொல்லி அரிப்பு மாத்திரையும் வேறு ஒரு ட்யூபும் எழுதினார். பெயர் வேறு, உள்ளே இருந்தது அதே குடும்பத்து ஸ்டீராய்டு. அதன் பிறகு ஒரு பளபளப்பான தனியார் கிளினிக்கில் அலர்ஜி பரிசோதனை என்று ரத்தம் எடுத்து 8,500 ரூபாய் வாங்கினார்கள். கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை என்று நீண்ட பட்டியல் கொடுத்து இதெல்லாம் சாப்பிடாதே என்றார்கள். மாசக்கணக்கில் ரசம் சாதமும் மோர் சாதமும் சாப்பிட்டு உடம்பு இளைத்ததுதான் மிச்சம், படர்தாமரைக்கும் கத்தரிக்காய்க்கும் சம்பந்தமில்லை. இதில் நான் சொல்வது இவ்வளவுதான்: தோல் நோய்க்குப் போய், தோலை நல்ல வெளிச்சத்தில் பார்க்காமலே மருந்து எழுதுகிற இடத்தில் மேற்கொண்டு பணம் கட்டாதீர்கள். வெட்கமாக இருந்தால் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், கூட ஒரு நர்ஸை இருக்கச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத் துவட்டும்போது தொடையின் உள்பக்கம் விரலில் ஏதோ பள்ளமாகத் தட்டுப்பட்டது. கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக, சுண்டுவிரல் அகலத்துக்குக்கூடச் சில, நீள நீளமான கோடுகள். பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே அந்த மாதிரி, ஆனால் அதைவிட அகலமாக, ஆழமாக. அந்த இடத்தில் தோல் மெல்லிசாகிச் சுருங்கியிருந்தது, அழுத்தினால் உள்ளே போனது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்குள் பக்கமும் தொடங்கியிருந்தது. தோலுக்கு உறுதி கொடுப்பது உள்தோலில் இருக்கும் கொலாஜன் நார்கள். பலமான ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டால் புதுக் கொலாஜன் உண்டாவது குறைந்து தோல் மெலிந்து, இழுபடும் இடங்களில் உள்ளுக்குள்ளேயே கிழிந்துவிடும். மேல்தோல் நான்கு வாரத்தில் புதுசாகிவிடும், உள்தோலில் விழுந்த இந்த வரித்தழும்பு அப்படி மாறாது. நாளானால் சிவப்பு வெளுத்து வெள்ளிக் கோடு மாதிரி நின்றுவிடும், அவ்வளவுதான்.

தொடை இடுக்கிலும் அக்குளிலும் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. உடம்பு முழுக்கத் தோலின் தடிமன் ஒன்றில்லை. கண்ணிமையில் மேல்தோல் 0.05 மில்லிமீட்டர் அளவுதான், உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை போகும். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடம்பின் வெவ்வேறு இடத்தில் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் 1 பங்கு என்று வைத்துக்கொண்டால் உள்ளங்காலில் அதில் ஏழில் ஒரு பங்குதான், தாடை ஓரத்தில் 13 பங்கு, ஆண்களின் விதைப்பையில் 42 பங்கு. அதனால் கையில் ஒன்றும் செய்யாத அதே களிம்பு இடுக்கில் போட்டால் தோலைக் கெடுத்துவிடும். மடிப்பில் தோலும் தோலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் மருந்தை மூடிக் கட்டி வைத்த மாதிரி இன்னும் அதிகம் உறிஞ்சும். ஆண்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்கள் இதைக் கடையில் வாங்கிப் போடுவதும் அதிகம், டாக்டரிடம் காட்டுவதும் குறைவு.

அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் பயம் வெட்கத்தை ஜெயித்தது. தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்த ஒரு பெண் டாக்டரைத் தேடிப் போனேன். அவர் முதலில் கேட்டதே, "இதுவரைக்கும் என்னம்மா போட்ட? ட்யூப் இருக்கா?" என்றுதான். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. ஒழுங்காகப் படுக்க வைத்து எல்லா இடத்தையும் பார்த்தார், நகம், தலை, கால் விரல் இடுக்கு உட்பட. நகத்திலோ கால் இடுக்கிலோ பூஞ்சை இருந்தால் அங்கிருந்து திரும்பத் திரும்ப வருமாம். பின்பக்கம் செதில் இல்லாமல் வெளிறியிருந்த ஒரு திட்டை மட்டும் பஞ்சால் தொட்டு "தெரியுதா, எங்கே தொடறேன்?" என்று கேட்டார். எதற்கென்று கேட்டேன். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்துப் போகும், நம் ஊரில் வெளிறிய திட்டு என்றால் அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. உங்களுக்கு எங்காவது நிறம் வெளுத்து, தொட்டால் மரத்துப் போன திட்டு இருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது, நேரத்தோடு சாப்பிட்டால் முழுசாகக் குணமாகும்.

அப்புறம் கே.ஓ.எச். சோதனை. வலிக்கவே இல்லை. வட்டத்தின் ஓரத்தில் மழுங்கிய பிளேடால் மெல்லச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு மூடி வைத்தார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை அப்படியே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு "வந்து பாரும்மா" என்று என்னையும் கூப்பிட்டார். மங்கலான செல்களுக்கு நடுவே நீண்ட பளிச்சென்ற இழைகள், கிளை விட்டு, நடுநடுவே குறுக்குச் சுவர் விழுந்து, திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு இப்படி அடர்த்தியாக இருக்கும் என்றார். இத்தனை நாள் அலர்ஜி அலர்ஜி என்று கத்தரிக்காயை ஒதுக்கிக்கொண்டிருந்தேனே என்று ஆத்திரம் பொங்கியது. இந்தச் சோதனைக்கு அங்கே சில நூறு ரூபாய்தான் ஆனது. போகிற இடத்தில் இதைச் செய்ய முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.

ஸ்டீராய்டை நிறுத்தியதும் என்ன ஆகும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்ததால் தப்பித்தேன். நிறுத்திய மூன்று நாலு நாளில், அமுங்கிக் கிடந்த எதிர்ப்பு எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. தீயாக எரிந்தது, பழைய அரிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் "புது மருந்து ஒத்துக்கவில்லை" என்று பழைய ட்யூபுக்கே திரும்பிவிடுகிறார்களாம். திரும்பாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வைத்து வைத்து எடுத்தேன், நகத்தை ஒட்ட வெட்டினேன், ராத்திரிக்கு அரிப்பு மாத்திரை போட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியதும் அடங்கத் தொடங்கியது. எனக்குக் கொடுத்தது இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக் காப்ஸ்யூலும் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும். முன்னெல்லாம் டெர்பினாஃபின் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை நன்றாகக் கேட்கும், இப்போது பலருக்குக் கேட்பதில்லை என்றார். இந்தியாவில் பரவியிருக்கும் பூஞ்சை வகையே மாறியிருக்கிறது. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டை ஒட்டியே பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் எந்த நொதியைத் தாக்குமோ அந்த நொதியின் மரபணுவில் மாற்றம் இருப்பதால் மருந்து அதைப் பிடிப்பதில்லை. இப்போது வெளிநாடுகளிலும் இது காணப்படுகிறது. அதனால் பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் அண்ணனுக்குச் சரியான மாத்திரை உங்களுக்குக் கேட்கும் என்று நம்பி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இட்ராகோனசோல் காப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போட வேண்டும், அமிலம் இருந்தால்தான் உடம்பில் சேரும். நான் காலையில் அசிடிட்டி மாத்திரை போடும் பழக்கத்தைச் சொன்னதும் டாக்டர் நிறுத்தச் சொன்னார், கேட்காமலே இருந்திருந்தால் பாதி மருந்து வீண். தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுத்தார், கர்ப்பமாக இருக்கிறாயா, இதய நோய் உண்டா, கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாயா என்று விசாரித்தார். இந்தக் கேள்விகளை மருந்துக்கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். களிம்பை வட்டத்தின் மேல் மட்டும் வைத்தால் போதாது, ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்கு, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவ வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயும் பூஞ்சை இருக்கும். பார்வைக்கு மறைந்த பிறகும் சில வாரம் தொடர வேண்டும். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரை ஓடியது.

துணி விஷயத்தில் அவர் கறாராக இருந்தார். உள்ளாடை, லெக்கிங்ஸ், துண்டு எல்லாம் தனியாக, 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்தி, மடிப்பும் தையலும் இருக்கிற இடத்தில் இஸ்திரி போட வேண்டும். வார்டனிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொல்லி மொட்டை மாடிச் சாவியைக் கேட்டேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, என் பொண்ணுக்கும் இருக்கு" என்றார். அந்த விடுதியில் எத்தனை பேர் ஒரே கொடியில் ஒரே நோயை மாற்றி மாற்றிக் காயப்போட்டோமோ. லெக்கிங்ஸை விட்டுத் தளர்வான பருத்திப் பேண்ட்டுக்கு மாறினேன், குளித்ததும் மடிப்புகளை நன்றாகத் துவட்டி உலரவிட்டு உடுத்தினேன். இன்னொன்று, அரைஞாண் கயிறு. ஊருக்குப் போனபோது பார்த்தால் தம்பிக்கு இடுப்பைச் சுற்றிக் கயிறு போன வழியெல்லாம் படர்தாமரை. கறுப்புக் கயிறு வியர்வையில் ஊறி, காயாமல், எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கிறது. அதைக் கழற்ற அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, குணமாகும் வரைக்கும் மட்டும் என்று டாக்டரைப் போனில் பேச வைத்த பிறகுதான் அறுத்தோம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து சாப்பிட்டுப் பயனில்லை, அரிக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும்.

இனி அந்த ட்யூபை எப்படி அடையாளம் காண்பது. அட்டைப் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் சேர்மானம் போட்டிருக்கும், போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன், ஹாலோபெட்டாசால் இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல் போன்றவை பூஞ்சை மருந்து. க்ளோபெட்டாசாலும் க்ளோட்ரிமசோலும் காதுக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்று பூஞ்சையைக் கொல்லும், மற்றது வளர்க்கும். 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. அதே வருஷம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்த சில களிம்புகளும் அதில் இருந்தன. தோல் டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்காகக் கத்தியதன் பலன் அது. இவ்வளவும் இருந்தும் எனக்கு எந்தச் சீட்டும் இல்லாமல்தான் கிடைத்தது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஓடவும் வேண்டாம். என் சித்தப்பாவுக்குச் சொரியாசிஸ், அதில் நான்கு வாரத்தில் நடக்க வேண்டிய செல் பயணம் சில நாளிலேயே முடிந்து செதில் செதிலாகக் குவியும், அவருக்கு டாக்டர் கொடுத்ததும் ஸ்டீராய்டு களிம்புதான், நன்றாகக் கேட்டது. கரப்பானுக்கும் அப்படித்தான். எந்த நோய்க்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று தெரிந்து ஒருவர் எழுதித் தர வேண்டும். விடுதியில் என் தோழி ஒருத்தி முகம் வெளுக்க என்று தினமும் ஒரு க்ரீம் போடுவாள், வாங்கிப் பார்த்தேன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின் என்ற மருந்துகளோடு மொமெட்டசோன் ஸ்டீராய்டும் கலந்தது. போடாத நாளில் முகம் சிவந்து எரியும், வெயிலில் நிற்க முடியாது, கன்னத்தில் முடியும் பருவும் வந்திருந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். முகத்தில் நீண்ட நாள் போட்டதை எப்படி விடுவது என்பதை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

அரிப்பும் செதிலும் போன பிறகும் எனக்குப் பழுப்புக் கறை மாசக்கணக்கில் இருந்தது. அது நோய் இல்லை, அழற்சி இருந்த இடத்தில் மெலனின் என்ற நிறமி அதிகமாகி உள்தோலுக்குள்ளும் இறங்கிவிடுவதால் வருவது, தானாக மங்கும். அதை நோய் என்று நினைத்துத் திரும்ப ட்யூபை எடுக்காதீர்கள். வரித்தழும்புக்கு லேசர் என்று ஒரு இடத்தில் 18,000 ரூபாய்க்குத் தொகுப்பு விற்றார்கள், பாதியைத் தாண்டியும் கோடு அப்படியேதான் இருந்தது, தழும்பு முழுசாக மறையும் என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். என்னுடைய 40,000-ல் உருப்படியாகச் செலவானது தோல் டாக்டருக்கும் அவர் எழுதிய மாத்திரைக்கும் போன பங்கு மட்டும்தான், அது கால்வாசிகூட இல்லை.

அந்தச் செலவும் முடியாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், தோல் பிரிவு இருக்கும், காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும், கூட்டம் இருக்கும், லீவு போட்டுவிட்டே போங்கள். போகும் முன் கை வைத்தியம் எதையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள், செதில் தெரிய வேண்டும். இதுவரை தடவிய ட்யூப், மாத்திரை அட்டை, தீர்ந்து போன காலி ட்யூப் உட்பட எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போய் மேஜை மேல் வையுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறதைப் பாதி அந்தக் கவரே சொல்லிவிடும், மீதியை டாக்டர் கேட்பார்.